சென்ட்ரல் லாக்கும் கறுப்பு டேப்பும்

முதல்லயே சொல்லிடறேன். பழைய காரில் சென்ட்ரல் லாக் மக்கர் பண்ணினா, "செட்டையே மாத்திடுங்க சார்"னு சொல்ற பேச்சை உடனே நம்பாதீங்க. பெரும்பாலும் கெட்டுப் போயிருக்கிறது செட் இல்லை, வயர். அதிலும் முழு வயர் இல்லை, வயரை ஒட்டுப் போட்ட இடம். இந்தப் பதிவோட மொத்தக் கருத்து இவ்வளவுதான். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க இதோட கிளம்பலாம். மத்தவங்க வாங்க, கதவைக் கழட்டிப் பார்ப்போம் :-)

எங்க வீட்டு வண்டி 2004 மாடல் மாருதி 800. அப்பா வாங்கினது. 1983 டிசம்பர்ல முதல் வண்டியோட சாவியை இந்திரா காந்தி கையால கொடுத்து ஆரம்பிச்ச கதை, 2014 ஜனவரியில உற்பத்தியை நிறுத்தினதோட முடிஞ்சது. ஆனா செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நடந்து பாருங்க, தெருவுக்கு ஒண்ணாவது கவர் போட்டு நிக்கும். காய்கறி வாங்க, கோயிலுக்கு, கேம்ப் ரோடு வரைக்கும் டாக்டரைப் பார்க்க. அந்த வேலைக்கு இதை விட நல்ல வண்டி இன்னும் வரலைன்னுதான் நான் சொல்வேன். 796 சிசி, மூணு சிலிண்டர், எந்தச் சந்துலயும் திரும்பும்.

அரசாங்கத்துக்கு என்னவோ இந்த வண்டிங்க மேல அவ்வளவு பிரியம் கிடையாது. 15 வருஷம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்கற கட்டணம் முன்னாடி 600 ரூபா. 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000 ஆக்கினாங்க. 2025-ல இன்னொரு அறிவிப்பு, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000. ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு "டேய், எக்ஸ்சேஞ்ச்ல விட்டுடலாமா?"ன்னு கேப்பார். கேக்கறாரே தவிர விட மாட்டார், அது வேற விஷயம்.

சரி, பூட்டுக்கு வருவோம். எங்க வண்டியில கம்பெனிலேர்ந்து பவர் லாக் கிடையாது. கண்ணாடியும் கையால சுத்தறதுதான். 2009 வாக்கில அப்பா வெளியில ஒரு கடையில (பேர் வேண்டாம்) சென்ட்ரல் லாக் செட் போட்டார். அப்ப அது பெரிய விஷயம். ரிமோட்டை அமுக்கினா நாலு கதவும் 'டக்'குன்னு பூட்டும், எதிர் வீட்டுக்காரங்க திரும்பிப் பார்ப்பாங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு அதே செட் வேற மாதிரி திரும்பிப் பார்க்க வெச்சது. பின்பக்க இடது கதவு பூட்டாது. பாதி திறந்து வெச்சுக்கிட்டு அமுக்கினா பூட்டும், மூடிட்டு அமுக்கினா பூட்டாது. நல்ல மழை பெய்ஞ்சா யாரும் தொடாமலே நாலு கதவும் தானா பூட்டிக்கும். அம்மா ஒரு தடவை "வண்டிக்குள்ள ஏதோ இருக்குடா"ன்னு சொல்லி எலுமிச்சம்பழம் வைக்கற அளவுக்குப் போயிட்டாங்க.

கடையில கேட்டா ஒரே பதில்: "மாட்யூல் போயிடுச்சு தம்பி. புது செட்டு போட்டுடலாம், 3,500 ஆகும்." மீட்டர் வெச்சுப் பார்க்கலை, கதவைத் தொடலை. பொட்டி தட்டுற வேலையில 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க'ன்னு சொல்றது எப்படியோ, இது அந்தத் தொழிலோட ரீஸ்டார்ட். நாங்களும் அதையே சொல்லிப் பிழைக்கிறவங்கதான், அதனால கோபம் வரலை. ஆனா நம்பிக்கையும் வரலை.

இப்ப இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். ரொம்ப எளிமையான சமாச்சாரம், பயப்பட ஒண்ணும் இல்லை. ஒவ்வொரு கதவுக்குள்ளயும் ஒரு குட்டி 12 வோல்ட் மோட்டார். அது ஒரு பல்சக்கரத்தைச் சுத்தி ஒரு கம்பியைத் தள்ளும், இல்லைன்னா இழுக்கும். அந்தக் கம்பி, நாம கையால அமுக்கற பூட்டுக் குமிழோட கம்பியில கிளாம்ப் போட்டு இறுக்கி இருக்கும். இதுக்குப் பேர் ஆக்சுவேட்டர். மூணு கதவுல இருக்கறதுக்கு இரண்டே வயர். ஒரு பக்கமா கரண்ட் விட்டா தள்ளும், மாத்தி விட்டா இழுக்கும். டிரைவர் கதவுல மட்டும் அஞ்சு வயர். இரண்டு மோட்டாருக்கு, மிச்சம் மூணு உள்ளே இருக்கற ஸ்விட்சுக்கு. நீங்க சாவியைப் போட்டுத் திருப்பினா கம்பி நகரும், ஸ்விட்ச் மாறும், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கற மாட்யூல் அதைப் பார்த்துட்டு மத்த கதவுகளுக்கு ஒரு நொடிக்கும் குறைவா கரண்ட்டை அனுப்பும். அவ்வளவுதான். மாட்யூலுக்குள்ள இருக்கறது முக்கியமா இரண்டு ரிலே. 'டக் டக்'னு கேக்குதே, அதுல பாதி சத்தம் அதோடது.

இது தெரிஞ்சா மிச்சத்தை நீங்களே யோசிச்சுடலாம். ரிமோட்டை அமுக்கும்போது ரிலே சத்தம் கேட்டா மாட்யூல் பெரும்பாலும் உயிரோட இருக்கு. மூணு கதவு பூட்டி ஒண்ணு மட்டும் பூட்டலைன்னா குத்தம் அந்தக் கதவுப் பக்கம். கதவு திறந்திருக்கும்போது வேலை செஞ்சு மூடினா நின்னு போனா, கதவு கீல் பக்கம் வயர் அறுந்து போய் தொட்டும் தொடாமலும் நிக்குது. மழையில தானா பூட்டினா, ஸ்விட்ச் வயர் ஒட்டு எங்கேயோ நனைஞ்சு பாடியைத் தொடுது. பெரும்பாலான செட்டுகள்ல ஸ்விட்ச் வயர் பாடியைத் தொட்டா மாட்யூல் அதை 'பூட்டு'ன்னு உத்தரவா எடுத்துக்கும். பேய் பிசாசு எல்லாம் இல்லை. எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டாச்சு.

ஒரு சனிக்கிழமை பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். கதவு பேடை எடுத்ததும் தெரிஞ்சது, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அன்னிக்கு சாயந்திரம் எவ்வளவு அவசரம்னு. இந்த வண்டியில கதவுக்குள்ள கரண்டுக்கு வேலையே கிடையாது, அதனால பில்லர்லயும் கதவுலயும் ட்ரில் போட்டு ஓட்டை பண்ணித்தான் வயரைக் கொண்டு போகணும். ஓட்டை பண்ணினாங்க. ஆனா அதுல ஒரு ரப்பர் வாஷர் போடலை. தகரத்தோட விளிம்பு கத்தி மாதிரி. கதவு திறந்து மூடற ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பு வயர் மேல உரசும். பத்து ரூபா ரப்பர். ஓட்டையைச் சுத்தி பெயின்ட்டும் தொடலை, துரு புடிச்சு கையால தட்டினா உதிருது. இதை விட ஒரு படி மேலே, வயர் நீளம் பத்தலைன்னு ஒட்டுப் போட்டிருந்தாங்க. எங்க? சரியா கீல் நடுவுல, கதவோட சேர்ந்து மடங்கற இடத்துல. இரண்டு முனையையும் முறுக்கி, மேலே கறுப்பு டேப்.

கறுப்பு டேப் பத்தி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுல மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாப் பிரச்சினைக்கும் அது தீர்வு. வீட்டுல, தெருவுல, கோயில் திருவிழாவுல, காருக்குள்ள. சாதாரண ரூம்ல அது பரவாயில்லை. மே மாசம் வெயில்ல நிக்கற காரோட கதவுக்குள்ள அந்தப் பசை உருகி வழிஞ்சு, டேப் தானா பிரிஞ்சு வந்துடும். நான் தொட்டப்போ டேப் ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம், நடுவுல அல்வா மாதிரி பசை. செம்பு பச்சை பூத்திருந்தது.

இது வரைக்கும் சிரிக்கலாம். சிரிக்க முடியாத விஷயம் அடுத்தது. செட்டுக்கான மெயின் வயரை பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து நேரா எடுத்திருந்தாங்க, ஃப்யூஸ் இல்லாம. செட்டோட வர்ற ஃப்யூஸ் ஹோல்டரை வெட்டி எடுத்துட்டாங்களா, இல்லை நீளம் பத்தலைன்னு விட்டுட்டாங்களா, தெரியாது. ஃப்யூஸ் எதுக்குன்னு கேட்டா நிறைய பேர் "மெஷினைக் காப்பாத்த"ன்னு சொல்வாங்க. இல்லைங்க. ஃப்யூஸ் வயரைக் காப்பாத்தத்தான். கார் பேட்டரி பார்க்கச் சின்னதா இருந்தாலும் செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல சாதாரணமாக் கொடுக்கும். அந்தப் பேட்டரிலேர்ந்து ஒரு மெல்லிசு வயர் ஃப்யூஸ் இல்லாம ஃபயர்வால் ஓட்டை வழியா உள்ளே வருது, வழியில எங்கேயாவது உறை தேய்ஞ்சு பாடியைத் தொட்டா, வயர் சில நொடியில ஹீட்டர் காயில் ஆயிடும். சுத்தி இருக்கறது கார்ப்பெட், பிளாஸ்டிக், பெட்ரோல் போற ட்யூப். சாவி எடுத்துட்டுப் போயிட்டாலும் பேட்டரி இணைப்பு இருந்துக்கிட்டேதான் இருக்கும். ராத்திரி வீட்டு வாசல்ல, ஜன்னலுக்குக் கீழே நிக்கற வண்டி இது.

அதனாலதான் "பூட்டுதானே, போனாப் போகுது"ன்னு விடறதும் தப்பு, "புது செட்டு போட்டா சரியாயிடும்"னு நம்பறதும் தப்புன்னு சொல்றேன். புது செட்டு வாங்கினா பழைய வயர்லயே கனெக்ட் பண்ணிக் கொடுத்துடுவாங்க, ஏன்னா புதுசா இழுக்க அரை நாள் ஆகும். மாட்யூல் புதுசு, ஆபத்து அதே பழசு.

இன்னொரு விஷயம் இருக்கு, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். சென்ட்ரல் லாக் போடும்போது சில கடைகள்ல கதவு மேல நீட்டிக்கிட்டு இருக்கற பூட்டுக் குமிழை வெட்டிடுவாங்க, இல்லை கழட்டிடுவாங்க. திருடன் கண்ணாடி இடுக்குல ஸ்கேல் விட்டுத் தூக்கிடுவானாம். பார்க்கவும் 'கிளீனா' இருக்குமாம். இருபது வருஷப் பழைய 800-ஐத் திருட வர்றவன் மேல எனக்குப் பரிதாபம்தான் வரும். ஆனா அந்தக் குமிழ் இல்லைன்னா, பேட்டரி இறங்கிட்டாலோ வயர் அறுந்துட்டாலோ பின் சீட்டுல இருக்கறவங்க எப்படி வெளியே வருவாங்க?

2022 ஜூன்ல திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்துல, நிறுத்தி வெச்சிருந்த ஒரு காருக்குள்ள விளையாடப் போன மூணு சின்னக் குழந்தைங்க வெளியே வர முடியாம மூச்சுத் திணறி இறந்து போனாங்க. 2025 மே மாசம் ஆந்திராவில விஜயநகரம் பக்கத்துல இதே மாதிரி நாலு குழந்தைங்க. அந்தக் கார்கள்ல என்ன பூட்டு, வயரிங் எப்படின்னு பேச வரலை. நான் சொல்றது இவ்வளவுதான்: கதவுப் பூட்டுன்னா நாம எல்லாரும் வெளியிலேர்ந்து உள்ளே வர்றவனைப் பத்தியே யோசிக்கிறோம். உள்ளேர்ந்து வெளியே வரவேண்டியவங்களைப் பத்தி யோசிக்கறதில்லை. மத்திய அரசே இதைக் கவனிச்சு, 2019 ஜூலை 1-லேர்ந்து வர்ற புதுக் கார்கள்ல சென்ட்ரல் லாக் இருந்தா கரண்ட் போனாலும் கையால திறக்க வழி இருக்கணும்னு விதி கொண்டு வந்தாங்க. வெளியில செட்டு போடற பழைய வண்டிக்கு அந்த விதியைக் கொண்டு வந்து யாரும் பார்க்கப் போறதில்லை. நாமதான் பார்க்கணும். நல்ல வேளையா எங்க வண்டியில குமிழ் அப்படியே இருந்தது. இந்த மாதிரி ஆக்சுவேட்டர்ல ஒரு நல்ல குணம், மோட்டார் செத்தே போனாலும் குமிழைக் கையால தூக்கினா பல்சக்கரம் வழி விடும். அதைக் கெடுக்காம விட்டாலே போதும்.

சரி, இதுக்கெல்லாம் அந்த எலக்ட்ரீஷியன்தான் காரணமா? இங்கதான் என் நண்பர்களோட எனக்குச் சண்டை. "இவனுங்களுக்கு எல்லாம் வேலையே தெரியாது"ன்னு ஒரு கூட்டம் பேசும். தெரியும்ங்க. கேம்ப் ரோடு பக்கம் ஒரு வயரிங் கடை அண்ணன்கிட்ட இந்த ஒட்டைக் காட்டினேன். பார்த்துட்டுச் சிரிச்சார். "தம்பி, ரப்பர் போட்டு, ஸ்லீவ் போட்டு, வயர் முழுசா இழுத்தா ஒரு வண்டிக்கு ஒரு நாள். அதுக்குக் கூலி கேட்டா, 'அங்க 400-க்குப் போட்டுத் தர்றான்'னு போயிடறாங்க. 400-க்கு இதுதான் வரும்." என்ன பதில் சொல்ல? செட்டு விலையில பேரம் பேச முடியலைன்னா கூலியில பேரம் பேசறோம். குறையற 200 ரூபா எங்கேர்ந்து குறையுதுன்னு கேக்கறதில்லை. ரப்பர்லேர்ந்தும் ஃப்யூஸ்லேர்ந்தும்தான் குறையுது. கதவு பேடுக்குப் பின்னாடி நடக்கறது யாருக்கும் தெரியாதுங்கறதுதான் இந்தத் தொழிலோட சாபம். நான் எழுதற கோடு மாதிரின்னு வெச்சுக்கோங்க, டெமோல ஓடினாப் போதும் :-(

எனக்கு நேரம் இருந்தது, வண்டி சும்மா நின்னுச்சு, அதனால நானே செஞ்சேன். எல்லாரும் செய்யணும்னு சொல்லலை. ஆனா எல்லாரும் திறந்து பார்க்கணும்னு சொல்வேன். வயர் இழுக்கத் தெரியாட்டியும் பரவாயில்லை, பேட்டரிலேர்ந்து வர்ற வயர்ல ஃப்யூஸ் இருக்கான்னு பார்க்க பானெட்டைத் திறந்தாப் போதும். பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். இல்லைன்னா நாளைக்கே ஒருத்தர்கிட்டக் கொடுத்துப் போடச் சொல்லுங்க, கூலி கேக்கறதைக் கொடுத்துடுங்க.

செய்யற ஆசை இருக்கறவங்களுக்கு மட்டும் சில விஷயம். பழைய சாமான் வேணும்னா புதுப்பேட்டை, புது ஆக்சசரீஸ்னா ஜி.பி. ரோடு, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், மல்டிமீட்டர் மாதிரி ஐட்டம்னா ரிச்சி தெரு. மூணும் கிட்டக் கிட்டதான், தாம்பரத்துலேர்ந்து ட்ரெயின்ல போய் ஒரே காலையில முடிச்சுடலாம். கார்ல போகாதீங்க, நிறுத்த இடம் தேடியே பொழுது போயிடும். வயர் வாங்கும்போது வீட்டு வயரிங்குக்குப் போடற ஒத்தைக் கம்பி வயர் வேண்டாம். நிறைய மெல்லிய இழை இருக்கற ஆட்டோ வயரா கேளுங்க, மடங்கி மடங்கி நிமிர அதுதான் தாங்கும். கீல் நடுவுல ஒட்டே இருக்கக் கூடாது. சால்டர் பண்ணின ஒட்டா இருந்தாலும் கூடாது, ஈயம் இழைக்குள்ள ஊறி வயரை விறைப்பாக்கிடும், அந்த விறைப்பு முடியற இடத்துல ஒடியும். மாட்யூல்லேர்ந்து கதவுக்குள்ள இருக்கற ஆக்சுவேட்டர் வரைக்கும் முழு வயர். ஒட்டு எல்லாம் கதவுக்குள்ளயோ டேஷ்போர்டுக்குக் கீழயோ, மடங்காத இடத்துல. ஓட்டைக்கு ரப்பர், அதுக்கு முன்னாடி துருவைச் சுரண்டி பெயின்ட். வயர் கதவுக்குள்ள நுழையற இடத்துல கொஞ்சம் தொங்கவிட்டு நுழைங்க, தண்ணி வயரைப் புடிச்சுக்கிட்டே உள்ளே போகாம கீழே சொட்டிடும். கதவு பேடுக்குப் பின்னாடி ஒரு பாலிதீன் ஷீட் இருக்கும், அதைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, அது தண்ணி உள்ளே வராம இருக்கத்தான். ஆக்சுவேட்டரைச் சோதிக்க 12 வோல்ட்டைத் தொட்டுத் தொட்டு எடுங்க, அப்படியே புடிச்சுக்கிட்டு இருந்தா மோட்டார் புகைஞ்சிடும். வயர் கலரை மட்டும் நம்பாதீங்க, செட்டுக்கு செட்டு மாறும், மீட்டர் வெச்சுப் பாருங்க.

எங்க ஊருக்கே உரிய ஒரு வேலையும் இருந்தது. மாட்யூல் முன் சீட்டுக் கால் வைக்கற இடத்துல, தரையோட தரையா இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையும் பார்த்த தாம்பரம் பக்கத்து ஆளுங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்பாக்கம் 2021-ல தாம்பரம் மாநகராட்சியோட சேர்ந்துடுச்சு, ஆனா எங்க தெருத் தண்ணிக்கு அது இன்னும் தெரியாது. மாட்யூலை டேஷ்போர்டுக்குள்ள மேலே தூக்கிக் கட்டினேன்.

இதெல்லாம் 800-க்குச் சரி. புது வண்டியில இதே தைரியத்தைக் காட்டாதீங்க. அங்க கதவுப் பூட்டு பாடி கன்ட்ரோல் மாட்யூல்ங்கற கம்ப்யூட்டர் கையில. பல வண்டியில கதவுக்கு உத்தரவே கேன் பஸ்ல மெசேஜா போகும், நடுவுல வயரை வெட்டி டெஸ்டர் வெச்சா ஒண்ணும் புரியாது, வாரன்ட்டியும் பிரச்சினை ஆகும். மஞ்சள் கனெக்டர் பார்த்தா கையை எடுத்துடுங்க, அது ஏர்பேக். அப்ப நாம என்ன செய்யலாம்? கேக்கலாம். 2014 ஆகஸ்ட்ல காம்பெடிஷன் கமிஷன் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது. வெளியில இருக்கற மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸும் சோதனைக் கருவியும் கிடைக்க விடாம அடைச்சு வெச்சதுக்காக. கம்பெனிகள் அப்பீல் போனதெல்லாம் தனிக் கதை. 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்குன்னே ஒரு இணையதளம் ஆரம்பிச்சது, அதுல மோட்டார் வண்டியும் ஒரு பிரிவு. வயரிங் படம் கேட்டா மேனேஜர் முகத்தைப் பார்க்கற நிலைமை இன்னும் மாறலை. ஆனா கேக்கற ஆள் அதிகமானா மாறும்னு நினைக்கறேன். தன் வண்டிக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது பார்த்தவங்கதான் அதைக் கேப்பாங்க.

செலவுக் கணக்கு கேப்பீங்க. ஒரு ஆக்சுவேட்டர், வயர், ஸ்லீவ், ரப்பர், ஃப்யூஸ் ஹோல்டர், 15 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு, எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குள்ள. கடைக்காரர் 'போயிடுச்சு'ன்னு சொன்ன மாட்யூல் அதேதான். மூணு மழை பார்த்துட்டுச்சு, தானா ஒரு தடவையும் பூட்டலை. பின் கதவுக் குமிழ் இரண்டும் வெயில்ல வெளுத்து வெடிச்சிருந்தது, புதுப்பேட்டையில ஜோடி 60 ரூபா சொன்னாங்க. பேரம் பேசலை.